குருதி வாங்கும் கருவிகள்: கத்தி பெட்டிக்குள் போன கதை

#1 வைகறை

இந்தப் பகுதியில் பல் பிடுங்கும் கொறடுக்குக்கூட நீண்ட இழை இருக்கிறது. இரத்தம் வடிக்கும் கருவிகளுக்கு ஒன்றும் காணோம். அதனால் நானே தொடங்குகிறேன்.

இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என உடம்பில் நான்கு நீர்மங்கள். அளவு கெட்டால் நோய். மிகுந்ததை வெளியேற்றினால் குணம். கிரேக்க மருத்துவர்களிடமிருந்து வந்த இந்தக் கணக்கை 2ஆம் நூற்றாண்டில் காலன் என்ற மருத்துவர் உறுதியாக்கினார். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவில் காய்ச்சல், நிமோனியா, வலிப்பு, மனநோய் என்று எதற்கும் இரத்தம் வடித்தார்கள். இது பலருக்கும் தெரிந்த கதை. நான் பேச வந்தது கருவிகளைப் பற்றி.

முதலில் லான்செட். 15ஆம் நூற்றாண்டு வாக்கில் வழக்கத்துக்கு வந்தது. இருபுறமும் கூர் தீட்டிய சின்ன அலகு, அதை மூடிவைக்க ஆமை ஓட்டிலோ கொம்பிலோ தந்தத்திலோ செய்த இரண்டு மெல்லிய தகடுகள். அவ்வளவுதான். பிரெஞ்சு அறுவை மருத்துவர்கள் நுனியை மூன்று வடிவமாகப் பிரித்தார்கள்: வாற்கோதுமை மணி வடிவம், அதைவிட ஒடுங்கிய ஓட்ஸ் மணி வடிவம், பாம்பு நாக்கு வடிவம். மேலாக ஓடும் பருத்த சிரைக்கு முதல் வகை. ஆழத்தில் இருக்கும் சிரைக்கு மூன்றாவது.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அலகைப் பிடிக்கும். மற்ற விரல்கள் நோயாளியின் கையில் ஊன்றியிருக்கும். எவ்வளவு ஆழம் போகிறது என்பதை விரல்தான் சொல்லும். இத்தனை கவனம் ஏன் என்றால், முழங்கை மடிப்பில் அவர்கள் வழக்கமாகத் திறந்த சிரைக்குக் கீழேயே புயத் தமனி ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது இருதலைத் தசையிலிருந்து வரும் ஒரு நார்ப்பட்டை மட்டும். அந்தப் பட்டைக்குப் பழைய மருத்துவர்கள் 'கடவுளின் கருணை' என்றே பெயர் வைத்திருந்தார்கள். கருணை எல்லா நேரமும் கைகொடுக்கவில்லை. லண்டனில் வில்லியம் ஹண்டர் 1757இல் விவரித்த தமனி-சிரை வீக்கம், இரத்தம் வடிக்கும்போது கத்தி இரண்டையும் சேர்த்துக் குத்தியதால் வந்தது.

அடுத்து, 18ஆம் நூற்றாண்டில் பரவிய ஸ்பிரிங் லான்செட். உள்ளங்கைக்குள் அடங்கும் பித்தளைக் கூடு. உள்ளே வலுவான விசை, வெளியே ஒரு அலகு. நெம்பியை இழுத்து விசையை ஏற்றி, சிரைமேல் வைத்து, பொத்தானைத் தட்டினால் அலகு சடக்கென்று இறங்கும். ஜெர்மானிய நாடுகளிலும் அமெரிக்காவிலும் இதற்கு நல்ல வரவேற்பு. பிரெஞ்சு, ஆங்கிலேய மருத்துவர்கள் பெரும்பாலும் கை லான்செட்டையே விரும்பினார்கள். விசை அடிக்கும் வேகத்தில் விரலுக்கு எதுவும் தெரியாது என்பது அவர்கள் குறை.

அப்புறம் ஸ்கேரிஃபிகேட்டர். பித்தளைப் பெட்டி, அடித்தட்டில் வரிசையாகப் பிளவுகள், உள்ளே பன்னிரண்டோ பதினாறோ சின்னக் கத்திகள். பொத்தானை அழுத்தினால் எல்லாக் கத்திகளும் ஒரே நொடியில் அரைவட்டமாகச் சுழன்று தோலைக் கீறிவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். மேலே உள்ள திருகை வைத்து ஆழத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இது சிரையைத் திறக்க அல்ல. கீறிய இடத்தில் கண்ணாடிக் குவளையை வைத்து இரத்தத்தை உறிஞ்சி எடுக்க.

இந்த வரிசையில் எனக்குத் தெரிவது ஒன்று. கருவி மாற மாற, கையில் இருந்த திறமை கொஞ்சம் கொஞ்சமாக விசைக்குப் போகிறது. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்ற நிலை வருகிறது. அதனால் நன்மையைவிடக் கேடுதான் அதிகம் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 தறிநாடா

அருமையான தொடக்கம். ஒரு கேள்வி. இதையெல்லாம் செய்தது மருத்துவர்களா, முடி திருத்துபவர்களா? சலூன் வாசலில் இருக்கும் சிவப்பு வெள்ளைக் கம்பத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று படித்திருக்கிறேன்.

#3 வைகறை

> மருத்துவர்களா, முடி திருத்துபவர்களா?

இரண்டு பேரும்தான் தம்பி. பல்கலைக்கழகத்தில் படித்த மருத்துவர் நாடி பார்த்து, எந்த இடத்தில் எவ்வளவு என்று சொல்வார். கத்தியைத் தொடுவது பெரும்பாலும் நாவித அறுவையர். லண்டனில் 1540இல் எட்டாம் ஹென்றி காலத்தில் நாவிதர்களும் அறுவையரும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டார்கள். 1745இல்தான் பிரிந்தார்கள்.

கம்பத்துக்கு வழக்கமாகச் சொல்லும் விளக்கம் இது: நோயாளி கையில் ஒரு தடியை இறுகப் பிடிக்கச் சொல்வார்கள். பிடித்து அழுத்தினால் சிரை புடைக்கும், இரத்தமும் தடையில்லாமல் ஓடும். அந்தத் தடியும் அதில் சுற்றிக் காயவைத்த கட்டுத்துணியும்தான் கடை அடையாளமாயிற்று.

நம் ஊர் நிலையையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் முடி திருத்தும் சமூகத்தினர்தான் கட்டி கீறுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது என்று சிறு அறுவை வேலைகளைப் பார்த்தார்கள். அந்த வீட்டுப் பெண்கள் பிள்ளைப்பேறு பார்த்தார்கள். மருத்துவர், மருத்துவச்சி என்றுதான் அவர்களுக்குப் பெயர். அந்த அறிவுக்கு உரிய மதிப்பு அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை. இதைத் தனி இழையாகவே எழுதலாம்.

#4 கால்நடைநாதன்

வைகறை, ஒரு முக்கியமான கருவியை விட்டுவிட்டீர்கள். ஃப்ளீம்.

நான் கால்நடை மருத்துவன். குதிரைக்கும் மாட்டுக்கும் ஐரோப்பாவில் பயன்பட்டது இதுதான். இரும்புத் தண்டின் ஓரத்தில், அதற்குச் செங்குத்தாக முக்கோண வடிவில் ஒரு சின்ன அலகு நீட்டிக்கொண்டிருக்கும். பித்தளை அல்லது கொம்பு உறைக்குள் இரண்டு மூன்று அளவுகளில் மடங்கி இருக்கும். கழுத்துச் சிரையை விரலால் அழுத்திப் புடைக்க வைத்து, அலகின் நுனியை அதன்மேல் நிறுத்தி, இன்னொரு கையிலிருக்கும் கட்டையால் ஒரே அடி. அந்தக் கட்டையும் கருவிதான். கெட்டி மரத்தில் கடைந்து, தலைப் பக்கம் கனமாக இருக்க ஈயம் ஊற்றுவதும் உண்டு. குதிரையின் தோலும் தசையும் தடிப்பு. கை அழுத்தத்தில் மெல்ல இறக்கினால் விலங்கு துள்ளிவிடும், காயம் கிழிந்துவிடும். அடித்தால் அது உணர்வதற்குள் வேலை முடிந்துவிடும்.

வடித்து முடித்ததும் காயத்தின் இரு ஓரங்களையும் சேர்த்து ஒரு குண்டூசியைக் குத்தி, அதைச் சுற்றி நாரையோ குதிரை முடியையோ எட்டு வடிவில் சுற்றிக் கட்டுவார்கள். நல்ல உத்தி. அந்தக் காலத்துக் கொட்டகையில் அதைவிடச் சிறப்பாகச் செய்திருக்க முடியாது.

டிசம்பர் 26, புனித ஸ்தேவான் திருநாளன்று, நோயே இல்லாத குதிரைகளுக்கும் இரத்தம் வடிக்கும் வழக்கம் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் இருந்தது. 500 கிலோ குதிரையின் உடம்பில் ஏறத்தாழ 40 லிட்டர் இரத்தம் உண்டு. அதனால் சில லிட்டர் போனாலும் நின்றுகொண்டே இருக்கும். தாங்கிக்கொண்டது என்பதையே பலன் கிடைத்தது என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வருத்தம் அங்கேதான். விலங்கால் சொல்ல முடியாதே.

உங்கள் வாதத்தில் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். விசையும் அடியும் எப்போதும் திறமைக் குறைவைக் காட்டுவதில்லை. சில உடம்புக்கு வேகம் வேண்டும்.

#5 பொதிகைச்சாரல்

டாக்டர் சார் சொன்ன அந்த 'வைத்து அடிக்கும்' முறை பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதையிலேயே இருக்கிறது. சிரையைத் திறக்க அதில் சொல்லப்படும் கருவிகளில் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று விரீகிமுகம், நெல்மணி நுனி உடையது. தசைப்பற்றுள்ள இடத்துக்கு. மற்றது குடாரிகை, சின்னக் கோடரி வடிவம். எலும்புக்கு மேலே ஓடும் சிரைக்கு. குடாரிகையை இடக்கையால் சிரைமேல் நிறுத்தி, வலக்கையின் நடுவிரலைக் கட்டைவிரலில் தடுத்துப் பிடித்துச் சுண்டி அடிக்க வேண்டும் என்று நூல் சொல்கிறது. எலும்பு அடியில் இருப்பதால் கத்தியை அழுத்தினால் சறுக்கும். சுண்டினால் சறுக்காது, அதிகம் ஆழமாகவும் போகாது. கட்டைக்குப் பதில் விரல். மனிதத் தோலுக்கு அந்த விசை போதும்.

கத்தி வேண்டாத நோயாளிக்கு மூன்று வழி சொல்கிறது. வாதத்துக்குக் கொம்பு, பித்தத்துக்கு அட்டை, கபத்துக்குச் சுரைக்குடுக்கை. கொம்பில் வாயால் உறிஞ்சுவது, குடுக்கைக்குள் தீபம் வைத்துச் சூட்டால் உறிஞ்ச வைப்பது. அட்டைகளைப் பன்னிரண்டாகப் பிரித்து ஆறு நஞ்சுள்ளவை, ஆறு நஞ்சற்றவை என்கிறது.

நான் படித்தது சித்த மருத்துவம். எங்கள் புற மருத்துவ முறைகள் முப்பத்திரண்டில் கீறல், அட்டை விடல், கொம்பு கட்டல், உறிஞ்சல், குருதி வாங்கல் ஆகிய ஐந்தும் உண்டு. ஐந்தும் தனித்தனி முறை. எல்லோருக்கும் ஒரே கத்தி என்ற நிலை இங்கே இல்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

#6 நெருஞ்சி

பழைய முறை எல்லாவற்றையும் 'நுட்பம்' என்று போற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. மன்னிக்கவும், வெளிப்படையாகச் சொல்கிறேன். இந்தக் கருவிகள் ஆட்களைக் கொன்றன.

ஜார்ஜ் வாஷிங்டன். 1799 டிசம்பர் 14. தொண்டை வீங்கி மூச்சு முட்டுகிறது. விடியற்காலையில் பண்ணைக் கண்காணிப்பாளர் வந்து கையில் 12 முதல் 14 அவுன்ஸ் எடுக்கிறார். மருத்துவர்கள் வந்து மறுபடியும் மறுபடியும் எடுக்கிறார்கள். கடைசித் தடவை மட்டும் ஏறத்தாழ 32 அவுன்ஸ். மொத்தம் 80 அவுன்ஸ் அளவில், கிட்டத்தட்ட 2.4 லிட்டர். அன்று இரவே இறந்துபோனார். வயது 67. மூன்று மருத்துவர்களில் இளையவரான எலிஷா டிக், மேலும் இரத்தம் எடுக்க வேண்டாம், மூச்சுக்குழாயில் துளையிடலாம் என்றார். மற்றவர்கள் ஏற்கவில்லை.

1685இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸுக்கும் இதேதான். வலிப்பு வந்ததும் கையிலிருந்து 16 அவுன்ஸ், உடனே தோளில் குவளை வைத்து இன்னும் 8 அவுன்ஸ். சில நாளில் மரணம்.

அரசனுக்கும் அதிபருக்கும் இந்தக் கதி என்றால், பெயர் தெரியாத ஏழைகளுக்கு என்ன நடந்திருக்கும்?

#7 மலர்ச்செவிலி

நான் இரத்த வங்கியில் வேலை பார்க்கும் செவிலியர். நெருஞ்சியின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆரோக்கியமான ஒருவர் தானம் செய்யும்போதே நாங்கள் எடுப்பது 350 அல்லது 450 மில்லி. அதற்கும் எடை, ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்துத்தான் படுக்க வைக்கிறோம். மூச்சுவிட முடியாமல் கிடக்கும் ஒரு முதியவரிடம் அரைநாளில் 2.4 லிட்டர் எடுத்தார்கள் என்பதைப் படிக்கவே முடியவில்லை.

ஆனால் வைகறை சொன்ன ஒரு கருவி இன்றும் லட்சக்கணக்கான வீடுகளில் இருக்கிறது. சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரோடு ஒரு பேனா தருகிறார்களே, அது ஸ்பிரிங் லான்செட்தான். விசையை இழுத்து ஏற்றுகிறோம், விரலில் வைத்துப் பொத்தானை அழுத்துகிறோம், முனையில் ஆழத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகும் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் அதே அமைப்பு.

ஒரே ஒரு பெரிய வேறுபாடு: ஊசியை ஒரு தடவை குத்தியதும் எறிந்துவிட வேண்டும். ஒரே பேனாவைப் பலருக்குப் பயன்படுத்திய இடங்களில் ஹெபடைடிஸ் பி பரவியிருக்கிறது. வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே பேனா வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றே தனித்தனியாக வாங்குங்கள். ஊசியை மாற்றினால்கூடப் போதாது, பேனாவின் முனையிலும் இரத்தம் ஒட்டும்.

அந்தக் காலத்து ஸ்கேரிஃபிகேட்டரை எப்படிச் சுத்தம் செய்தார்கள்? எனக்கு அதுதான் பெரிய கேள்வி.

#8 பித்தளைப்பிரியன்

> எப்படிச் சுத்தம் செய்தார்கள்?

அக்கா, பழைய மருத்துவக் கருவிகளைச் சேகரிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒழுங்காகச் சுத்தம் செய்யவே முடியாது. பெட்டியைத் திறந்து பார்த்தால் இரண்டு மூன்று அச்சுகள், ஒவ்வொன்றிலும் நான்கு முதல் ஆறு கத்திகள், அவற்றைச் சுழற்றும் பற்சக்கரங்கள், ஒரு பெரிய விசை. கத்தி தோலைக் கீறிவிட்டு உள்ளே திரும்பும்போது இரத்தத்தையும் கூடவே கொண்டுபோகும். வெளியே தெரியும் அளவுக்குக் கத்திகளைத் துடைப்பார்கள், துருப்பிடிக்காமல் எண்ணெய் போடுவார்கள். பற்சக்கர இடுக்கில் போனது அங்கேயே இருக்கும். மறுநாள் அடுத்த நோயாளி.

கிருமிகள் பற்றிய அறிவு அப்போது இல்லை. அறுவை மருத்துவர் லிஸ்டர் தன் கிருமி நீக்க முறையை வெளியிட்டது 1867இல். அதன்பிறகு கொதிநீரையும் நீராவியையும் தாங்கும் முழு உலோகக் கருவிகள் வந்தன. ஆமை ஓடும் தந்தமும் பற்சக்கரப் பெட்டியும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

ஆனாலும் பொறியியலாகப் பார்த்தால் அது அழகான பொருள். பிற்கால வகைகளில் ஒரு வரிசைக் கத்திகள் வலப்புறமும் அடுத்த வரிசை இடப்புறமும் சுழலும். எல்லாம் ஒரே பக்கம் போனால் தோலை இழுத்துக் கிழிக்கும். எதிரெதிராகப் போனால் தோல் அசையாது, வலியும் குறைவு. யாரோ ஒருவர் நோயாளியின் வலியை நினைத்துப் பார்த்து அதைச் செய்திருக்கிறார்.

குவளை வைப்பதில் கைத்திறமையும் இருந்தது. வைகறையின் வாதத்துக்கு அது மாற்றுச் சான்று. தாமஸ் மேப்பிள்சன் என்று ஒருவர். இங்கிலாந்து இளவரசருக்கே குவளை வைத்தவர். 1813இல் இந்தக் கலையைப் பற்றித் தனி நூல் எழுதினார். முறை இதுதான்: தோலை வெந்நீர்ப் பஞ்சால் சூடாக்குவது. சாராய விளக்கின் சுடரை ஒரு கணம் கண்ணாடிக்குள் காட்டிவிட்டு உடனே தோல்மேல் கவிழ்ப்பது. தோல் புடைத்துச் சிவந்ததும் குவளையை எடுத்து, அந்தச் சூடு ஆறும் முன்பே பெட்டியை வைத்துக் கீறி, மறுபடி குவளையைக் கவிழ்ப்பது. சுடர் அதிக நேரம் நின்றால் கண்ணாடி விளிம்பு சுட்டுத் தோல் வெந்துவிடும். விசைக்குப் போனது ஒரு பகுதிதான். மீதி கையில்தான் இருந்தது.

#9 தறிநாடா

அப்படியானால் அட்டைக்கும் கருவி செய்தார்களா? 'இயந்திர அட்டை' என்று ஒரு படத்தின் கீழ் பார்த்தேன்.

#10 பித்தளைப்பிரியன்

செய்தார்கள். காரணம் தட்டுப்பாடு. பிரான்சில் புரூசே என்ற மருத்துவர் ஏறத்தாழ எல்லா நோயும் குடல் அழற்சியிலிருந்து வருகிறது என்றார். மருந்து, வயிற்றில் அட்டை விடுவது. நாடே அதைப் பின்பற்றியது. 1833ஆம் ஆண்டில் மட்டும் பிரான்ஸ் நாலு கோடிக்கும் மேல் அட்டைகளை இறக்குமதி செய்தது. ஐரோப்பாவின் குளங்களில் அட்டை அரிதாகிவிட்டது.

1840இல் ஹெர்த்லூப் என்ற பிரெஞ்சு மருத்துவர் செய்ததுதான் நீங்கள் பார்த்தது. இரண்டு பாகம். ஒன்றில் வட்டமான கத்தி சுழன்று தோலில் சின்ன வளையமாக வெட்டும். இன்னொன்று கண்ணாடிக் குழாய், உள்ளே தக்கை. தக்கையை மெதுவாகத் திருகி இழுத்தால் இரத்தம் ஏறும். கண் நோய்க்கு நெற்றிப்பொட்டில் அதிகம் பயன்படுத்தினார்கள்.

ஆனால் உண்மையான அட்டைக்கு அது ஈடாகாது. அட்டையின் உமிழ்நீரில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருக்கிறது. 1884இல் ஜான் ஹேகிராஃப்ட் அதைக் கண்டறிந்தார். அட்டை விழுந்தபின்னும் காயம் மணிக்கணக்கில் கசியும். எந்தப் பித்தளையும் அதைச் செய்யாது.

#11 பொதிகைச்சாரல்

அதனால்தான் அட்டை திரும்பி வந்தது. 1985இல் பாஸ்டனில் ஒரு சிறுவனின் துண்டான காதை ஒட்டவைத்தபோது, உள்ளே இரத்தம் தேங்கிக் காது கறுக்கத் தொடங்கியது. அட்டைகளை விட்டுத்தான் காப்பாற்றினார்கள். 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மருத்துவ அட்டைக்கு அனுமதி கொடுத்தது.

நெருஞ்சிக்கும் ஒரு வார்த்தை. நான் எதையும் கண்மூடிப் போற்றவில்லை. பழைய நூல்கள் அட்டையைக் கக்கவைத்து மறுபடி பயன்படுத்தச் சொல்லும். இன்று அதைச் செய்யவே கூடாது. ஒரு நோயாளிக்கு விட்ட அட்டை அதோடு முடிந்தது. அட்டையின் குடலில் வாழும் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா காயத்தில் தொற்றும் என்பதால், மருத்துவமனையில் நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்தும் சேர்த்தே கொடுக்கிறார்கள்.

#12 நெருஞ்சி

சரி, ஏற்கிறேன். ஆனால் என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஈராயிரம் ஆண்டு. அத்தனை மருத்துவர்களும் பொய்யர்கள் இல்லை, முட்டாள்களும் இல்லை. தங்கள் முன்னாலேயே நோயாளி தளர்ந்துபோவதை எப்படிக் காணாமல் விட்டார்கள்?

#13 வைகறை

> எப்படிக் காணாமல் விட்டார்கள்?

அவர்கள் பார்த்தார்கள் என்பதுதான் இதில் வேதனை. யாரும் கவனிக்காத ஒரு கருவியைப் பற்றிச் சொன்னால் இது விளங்கும். இரத்தம் பிடிக்கும் கிண்ணம்.

வெள்ளீயக் கிண்ணம், ஒரு பக்கம் கைப்பிடி. சிலவற்றின் உள்பக்கம் வட்டவட்டமாகக் கோடுகள், அவுன்ஸ் கணக்குக்கு. எவ்வளவு போயிற்று என்று அளக்க மட்டுமே அது என்று நினைப்போம். ஆனால் இரத்தத்தை அதில் அப்படியே வைத்து உறைவதையும் பார்ப்பார்கள். காய்ச்சலும் அழற்சியும் உள்ளவர்களின் இரத்தம் உறையும்போது மேலே மஞ்சள் கலந்த வெள்ளை ஏடு ஒன்று படியும். ஆரோக்கியமானவரின் இரத்தத்தில் அது அவ்வளவாக வராது. நோய் வெளியே வந்துவிட்டது என்பதற்கு அதையே சான்றாக எடுத்தார்கள். ஏடு தடித்திருந்தால் அழற்சி கடுமை, இன்னும் வடிக்க வேண்டும்.

அவர்கள் பார்த்தது கற்பனை இல்லை. அழற்சியில் இரத்தத்தின் புரதங்கள் மாறி, சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி வேகமாகக் கீழே இறங்குகின்றன. அதனால் உறையும் முன்பே மேலே அணுக்கள் இல்லாத பகுதி உருவாகிறது. இன்று ஆய்வகத்தில் ஈ.எஸ்.ஆர். என்று பார்க்கிறோமே, அதே நிகழ்வு. அதை ஆராய்ந்த சுவீடன் நாட்டு ஃபாரெயுஸ் இன்னும் ஒருபடி போனார். கண்ணாடியில் வைத்த இரத்தம் அடியில் கருப்பு, அதன்மேல் சிவப்பு, வெள்ளை ஏடு, மேலே மஞ்சள் நீர் என்று பிரிவதைப் பார்த்துத்தான் கிரேக்கர்கள் நான்கு நீர்மங்கள் என்ற எண்ணத்துக்கே வந்திருக்கலாம் என்று கருதினார். கண்ணால் கண்டது சரி, அதற்குக் கொடுத்த பொருள்தான் தவறு.

நோயாளியிடமும் மாற்றம் தெரியும். துள்ளும் நாடி தணியும், தோல் குளிரும், வியர்க்கும், பிதற்றல் நிற்கும். மயக்கம் வரும்வரை வடிப்பதை ஒரு அளவாகவே வைத்திருந்தார்கள். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்தவருக்கு இரத்தம் எடுத்தால் உண்மையிலேயே மூச்சு எளிதாகும். அப்படி ஒருவர் எழுந்து உட்கார்வதைப் பார்த்த மருத்துவர் அதைக் கடைசிவரை மறக்க மாட்டார். தானாகக் குணமானவர்களும் சிகிச்சையின் கணக்கில்தான் சேர்வார்கள். இறந்தவர்கள், 'தாமதமாக வந்தார்' என்ற கணக்கில்.

எந்தக் கருவியாலும் இதை உடைக்க முடியாது. எண்ணிப் பார்க்க வேண்டும். வான் ஹெல்மான்ட் என்பவர் 17ஆம் நூற்றாண்டிலேயே சவால் விட்டார்: காய்ச்சல் கண்ட ஏழைகள் 200 பேரையோ 500 பேரையோ எடுத்து, சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரிப்போம். ஒரு பாதியை இரத்தம் வடிக்காமல் நான் பார்க்கிறேன், மறு பாதியை உங்கள் வழியில் நீங்கள் பாருங்கள், யாரிடம் எத்தனை இழவு விழுகிறது என்று எண்ணுவோம். அவர் இறந்தபின் 1648இல் வெளியான நூலில் இது இருக்கிறது. அந்தப் பந்தயத்துக்கு யாரும் வரவில்லை.

பாரிஸில் பியேர் லூயி என்ற மருத்துவர் எண்ணினார். நிமோனியா நோயாளிகள் 77 பேர். நோய் தொடங்கிய முதல் நான்கு நாளுக்குள் இரத்தம் எடுக்கப்பட்டவர்கள் 41 பேர், இறந்தவர் 18. அதற்குப் பிறகு எடுக்கப்பட்டவர்கள் 36 பேர், இறந்தவர் 9. சீக்கிரம் வடித்தால் பிழைப்பார் என்ற நம்பிக்கைக்கு நேர் எதிரான எண்ணிக்கை. 1828இல் முதலில் வெளியிட்டார், 1835இல் நூலாக விரித்தார். இதில் இரத்தமே எடுக்கப்படாதவர் ஒருவரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அப்படி ஒரு கூட்டத்தை வைத்துப் பார்க்கலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை. வடிப்பதை அடியோடு விடச் சொல்லவும் இல்லை, நினைத்ததைவிடப் பயன் மிகக் குறைவு என்று மட்டும் சொன்னார்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்கேரிஃபிகேட்டரின் கத்தி எந்தப் பக்கம் சுழன்றால் வலி குறையும் என்று தீர ஆராய்ந்தவர்கள் இருந்தார்கள். அந்தக் கீறல் யாருக்காவது பயன்படுகிறதா என்று எண்ணியவர்கள் மிகச் சிலர். எனக்கு ஆறாத வருத்தம் அதுதான். வில்லியம் ஆஸ்லர் போன்ற பெரிய மருத்துவர்கூட, 1892இல் வந்த பாடநூலில் நிமோனியாவின் சில நிலைகளுக்கு இரத்தம் எடுப்பதை ஆதரித்தார்.

#14 கால்நடைநாதன்

கிண்ணத்தைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. குதிரை இரத்தத்தில் சிவப்பணுக்கள் இயல்பாகவே மிக வேகமாக அடியில் படியும். நோய் இல்லாத குதிரையின் இரத்தத்திலும் அந்த மஞ்சள் ஏடு தடிமனாக வரும். அப்படியானால் கொட்டகையில் நின்ற ஒவ்வொரு குதிரையும் நோயாளியாகத் தெரிந்திருக்கும். பாவம்.

#15 மலர்ச்செவிலி

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரத்தம் எடுப்பதே சிகிச்சையாக இன்றும் சில நோய்களுக்கு உண்டு. உடம்பில் இரும்புச்சத்து சேர்ந்துகொண்டே போகும் ஹீமோகுரோமடோசிஸ், சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் பாலிசைத்தீமியா வேரா. பாலிசைத்தீமியாவில் ஹெமட்டோக்ரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 45 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி எடுப்போம். தானத்துக்குப் பயன்படும் அதே பை, அதே 16 அளவு ஊசி. எடுக்கும் முன்பும் பின்பும் இரத்தப் பரிசோதனை. இணையத்தில் யாரோ சொன்னார்கள் என்று 'கெட்ட இரத்தம் எடுக்க' வருபவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒன்று கிடையாது என்று சொல்லி அனுப்புவோம்.

முழங்கை மடிப்பில் ஊசி போடும் ஒவ்வொரு தடவையும் நாங்கள் முதலில் விரலை வைத்துத் துடிப்பைத் தேடுகிறோம். துடித்தால் தமனி, அங்கே குத்தக் கூடாது. வைகறை சொன்ன அந்த நார்ப்பட்டையின் பழைய பெயரை எங்கள் மாணவிகளுக்குச் சொல்லப்போகிறேன்.

#16 நெருஞ்சி

வைகறை, #13க்கு நன்றி. பொய்யர்களும் இல்லாமல் முட்டாள்களும் இல்லாமல் இது நடந்திருக்க முடியும் என்பது இன்னும் பயமாக இருக்கிறது.

#17 தறிநாடா

கடைசியாக ஒன்று. பழைய பொருள் விற்கும் தளத்தில் ஒரு ஸ்கேரிஃபிகேட்டர் பார்த்தேன். வாங்கலாம் என்று ஆசை. எதைப் பார்க்க வேண்டும்? வாங்கினால் எப்படிச் சுத்தம் செய்வது?

#18 பித்தளைப்பிரியன்

முதலில் செய்தவர் முத்திரை. லண்டன் என்றால் வைஸ், சாவின்யி. நியூயார்க் என்றால் டீமன். முத்திரை இல்லாத நல்ல பொருளும் உண்டு, விலை குறையும். அடித்தட்டின் பிளவுகளுக்குள் எல்லாக் கத்திகளும் இருக்கின்றனவா என்று படம் கேளுங்கள். ஒன்றிரண்டு ஒடிந்திருப்பது சாதாரணம். எண்கோண வடிவம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு, சதுரப் பெட்டி அதற்கு முந்தியதாக இருக்கலாம்.

பித்தளைக்குப் பாலிஷ் போடாதீர்கள். முத்திரையும் பழைய பூச்சும் தேய்ந்துவிடும். உலர்ந்த மென்துணி போதும். கத்திகள் இன்னும் வெட்டும், அதனால் தடித்த கையுறை இல்லாமல் அடித்தட்டைத் தொடக் கூடாது. விசையைச் சோதிக்க ஆசை வரும். எண்ணெய் காய்ந்த பழைய விசை ஏற்றும்போதே உடையும், சில சமயம் தானாக அவிழும். விற்பவர் விசையை ஏற்றிய நிலையில் அனுப்பக் கூடாது என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.